மருத்துவர் ஒழுங்கு நடவடிக்கைத் தரவு: ஆர்டிஐயில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) எப்படிக் கேட்பது?

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மருத்துவ அலட்சியப் புகார்களும் ஒழுங்கு நடவடிக்கையும்தான் தலைப்பு. தமிழ்நாட்டுத் தரவு கிடைக்காமல் 4 மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

அமெரிக்காவின் தேசிய மருத்துவர் தரவு வங்கி வெளியிடும் பொதுக் கோப்பை இறக்கிப் பார்த்தேன். 1990 செப்டம்பரிலிருந்து இழப்பீடு, உரிம நடவடிக்கை எல்லாம் வரிசையாக இருக்கிறது. பெயர் கிடையாது. ஆனால் ஒரு மருத்துவருக்கு எல்லா வரியிலும் ஒரே எண் என்பதால், ஒருவர் மேல் எத்தனை முறை என்று எண்ணிவிடலாம். பொறாமையாகத்தான் இருந்தது.

இங்கே மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், நுகர்வோர் ஆணையத் தீர்ப்புகளாவது கிடைக்கின்றன. 200 தீர்ப்புகளை எக்செல்லில் ஏற்றினேன். 'எதிர்த்தரப்பினர் 1' ஒன்றில் மருத்துவர், அடுத்ததில் மருத்துவமனை! அப்புறம் அந்த மருத்துவரின் உரிமம் என்ன ஆனது என்பது அதில் இல்லை.

சரி என்று ஆர்டிஐ போட்டேன். பெயர், பதிவு எண் எல்லாம் கேட்டது என் தப்பு. பிரிவு 8(1)(ஜே), தனிநபர் தகவல் என்று ஒற்றை வரியில் மறுப்பு. முதல் மேல்முறையீட்டுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது.

பெயர் இல்லாமல் ஆண்டு, புகார் வகை, தண்டனை என்ற விவரங்களை மட்டும் ஆர்டிஐயில் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால், கேள்வியை எந்த வாசகத்தில் கேட்டீர்கள்?