பழைய இரும்புக் கடையில் என் கையெழுத்து

ஸ்டோர்ஸ்காரர், அம்பத்தூர்

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஆட்டோ உதிரிபாக கம்பெனியில 22 வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தேன். கம்பெனி பேர் கேக்காதீங்க, இன்னும் பாக்கி செட்டில்மென்ட் வரணும். உங்க பெரிய தலைங்க அடிச்ச கூத்தை எழுதுங்கப்பா. முதல்ல என்னோடது.

புதுசா ஒரு வைஸ் பிரசிடென்ட் வந்தார். அதுக்கு முன்னாடி சோப்பு விக்கிற கம்பெனியில இருந்தாராம். சேர்ந்த ரெண்டாவது வாரம் ஸ்டோர்ஸைப் பார்க்க வந்தார். பார்க்கன்னா, வாசல் வரைக்கும். உள்ள ஆயில் நாத்தம், வெள்ளை ஷூ வேற. அங்கயே நின்னு ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு, "மூணு வருஷமா அசையாத சரக்கா? பணம் தூங்குது. மாசக் கடைசிக்குள்ள வெளிய தள்ளுங்க"ன்னார்.

அந்த அசையாத சரக்குல கிரைண்டிங் மெஷினோட ஸ்பிண்டில் பேரிங் ரெண்டு செட் இருந்துச்சு. ஜப்பான்ல இருந்து வரணும். ஆர்டர் போட்டா 14 வாரம். ஸ்பேர் அசையாம கிடந்தா மெஷின் ஒழுங்கா ஓடுதுன்னுதானே சார் அர்த்தம்னு சொல்லிப் பார்த்தேன். பக்கத்துல நின்ன மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் சும்மா இருக்காம, "தீயணைக்கிற சிலிண்டர் கூடத்தான் அசையவே இல்லை, அதையும் தள்ளிரலாமா சார்?"னு கேட்டுட்டார். சாயங்காலமே அவருக்கு மெமோ.

எல்லாத்தையும் பழைய இரும்புக் கடைத் தராசுல ஏத்தினோம். கிலோ 38 ரூபா. ஒரு பேரிங் செட் நாலு கிலோ, ஆக 152 ரூபா. சரக்கு முதலீட்டைக் குறைச்சாருன்னு வைஸ் பிரசிடென்ட்டுக்கு அந்தக் காலாண்டுல ஷீல்டு கொடுத்தாங்க. நானும் கை தட்டினேன், தட்டாம இருக்க முடியுமா?

நாலாவது மாசம் நைட் ஷிஃப்ட்ல ஸ்பிண்டில் கத்த ஆரம்பிச்சது. காலையில மெஷின் நின்னுபோச்சு. சப்ளை தப்பினா வண்டி கம்பெனிக்காரன் அவன் லைன் நிக்கிற நேரத்துக்குக் கணக்குப் போட்டு பில்லுல கழிப்பான். யாரும் என்கிட்ட எதுவும் சொல்லலை, நானா வண்டியை எடுத்துக்கிட்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் டீ சொன்னார். பின்னாடி அலமாரியில ரெண்டு செட்டும் கிரீஸ் பேப்பர் கூடப் பிரிக்காம உக்காந்திருக்கு. நான் பால்பாயிண்ட் பேனாவுல எழுதின இருப்பு அட்டை, பின் கார்டுன்னு சொல்வோம், சணல் கயித்துல அப்படியே தொங்குது. "ஒரு செட் 85,000. நீங்க வருவீங்கன்னுதான் உடைக்கலை"ன்னார்.

பர்ச்சேஸ் ஆர்டர்ல அதை எப்படிக் காட்டினோம் தெரியுமா? 'அவசர உள்ளூர் கொள்முதல்'. அந்த மாச ரிப்போர்ட்ல 14 வாரத்தை ஒரே நாளாக் குறைச்சதாவும் ஒரு வரி வந்துச்சு.

ஓஎம்ஆர்வாசி

எங்க ஆபீஸ்ல ஆளுங்களையே தராசுல ஏத்துவாங்க அண்ணா. பெல் கர்வ்னு பேரு. டீம்ல எல்லாரும் உயிரைக் கொடுத்து வேலை செஞ்சாலும் ஒருத்தர் கட்டாயம் கடைசி ரேட்டிங் வாங்கியே ஆகணும். இந்த முறை வேணாம்னு மைக்ரோசாஃப்ட்டே 2013 நவம்பர்ல தூக்கிப் போட்டுச்சு. எங்க டெலிவரி ஹெட் 2014 ஏப்ரல்ல அதைப் புதுசாக் கொண்டுவந்து, ஸ்லைடுல 'உலகத்தரம்'னு தலைப்புப் போட்டார்.

நாங்க ஆறு பேர். ரெண்டு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சோம். மூணாவது வருஷம் நாங்களே ஏலச்சீட்டு மாதிரி முறை வச்சுக்கிட்டோம். இந்த வருஷம் யாருக்கு வீட்டுக்கடன் இல்லையோ அவங்க கடைசி. மேனேஜருக்கும் தெரியும். அவருக்கு வேலை மிச்சம், வாயே திறக்கலை. அடுத்த வருஷம் முறைப்படி என் பேரு. ஆனா எனக்கு விழலை. பிரசவ லீவுல இருந்த பொண்ணு தலையில வச்சுட்டாங்க. காரணம் கேட்டா, 'இந்த ஆண்டு கண்ணில் படவில்லை'ன்னு எழுதியிருந்தாங்க. அவ குழந்தைக்குத் தொட்டில் போடுறப்ப கேக் வெட்டி போட்டோ போட்டதும் இதே ஆளுங்கதான்.

சிஸ்டம் அட்மின்

எங்க எம்டி பாஸ்வேர்டு மறந்தா நான்தான் ஓடணும், வாரத்துக்கு ரெண்டு தடவை. டிஜிட்டல் மாற்றக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவ்வளவுதான் என் கதை.

பஞ்சுக்காரன், கோவை

நம்ம மில்லு கதையும் கேளுங்க. பழைய முதலாளி காலத்துல இருந்து செலக்டர் ஐயா ஒருத்தர் இருந்தாருங்க. பொதிக்குள்ள கைய விட்டு ஒரு பிடி எடுத்து, ரெண்டு கட்டைவிரலுக்கு நடுவுல வச்சு இழுத்துப் பார்ப்பாரு. "தண்ணி தெளிச்சிருக்கான், லாரியத் திருப்பு"ன்னா திருப்பீரோணும், முதலாளியே மறுபேச்சுப் பேசமாட்டாரு.

2010 கடைசில முதலாளி பையன் வெளிநாட்டுப் படிப்பு முடிச்சு டைரக்டரா வந்தாருங்க. முதல் மீட்டிங்லயே பர்ச்சேஸ் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துட்டு, "இவ்வளவு கேண்டி எதுக்கு, கேன்டீனுக்கா?"ன்னு கேட்டாரு. கண்டிங்க, 356 கிலோ. பஞ்சு வியாபாரமே அந்தக் கணக்குலதான் நடக்குது. யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தா ஒருவேளை கத்துக்கிட்டிருப்பாரோ என்னமோ.

2011 மார்ச்சுல கண்டி 60,000 ரூபாயத் தாண்டி ஏறுச்சுங்க. தம்பி கம்ப்யூட்டர்ல கோடு போட்டுப் பார்த்துட்டு இன்னும் ஏறும், வாங்கிக் குவிங்கன்னாரு. ஐயா வேண்டாம் தம்பின்னு மூணு வாட்டி சொன்னாரு. குடோன் ரொம்பி, கேன்டீன் பின்னாடி தார்ப்பாய் போட்டு அடுக்குனோம். நூல் ஏற்றுமதிக்கு அதுக்கு முன்னாலயே கட்டுப்பாடு போட்டிருந்தாங்க. போகாத நூலு எல்லா மில்லுலயும் தேங்கிப்போச்சு. ஆடி மாசத்துக்குள்ள பஞ்சு விலை கிட்டத்தட்ட பாதிங்க. கொள்முதல் தோல்விக்கு விளக்கம் கேட்டு நோட்டீசு வந்துச்சு. யாருக்கு? செலக்டர் ஐயாவுக்கு. வாங்கிப் படிச்சுட்டு நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, பொதி பார்க்கப் போயிட்டாரு.

வங்கி ஓய்வூதியர்

நானும் ஒன்று சொல்கிறேன். என் கிளைக்கு ஒரு தையல்காரர் வந்து 50,000 ரூபாய் கடன் கேட்டார். மெஷின் வாங்கிய ரசீது, இரண்டு பேர் ஜாமீன், கடை வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்டோம். ரசீதில் எழுத்து அழிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினேன். ஆம், நான்தான் அனுப்பினேன்.

அதே காலத்தில் நாட்டின் பெரிய வங்கிகள் கூட்டாகச் சேர்ந்து, லாபத்தையே பார்த்திராத கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸுக்கு அதன் பெயரையும் அடமானமாக வைத்துக்கொண்டு கடன் கொடுத்திருந்தன. 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றன. 2016 ஏப்ரலில் அந்தப் பெயரையும் சின்னங்களையும் 366.70 கோடி ரூபாய் அடிப்படை விலையில் ஏலம் விட்டார்கள். ஏலம் கேட்க ஓர் ஆள் கூட வரவில்லை. செய்தித்தாளில் படித்தபோது எனக்கு அந்தத் தையல்காரர் ஞாபகம்தான் வந்தது. அவர் மெஷினை விற்றிருந்தால் அன்றைக்கு 4,000 ரூபாயாவது தேறியிருக்கும்.

ஓஎம்ஆர்வாசி

ஸ்டோர்ஸ் அண்ணா, அந்த வைஸ் பிரசிடென்ட் என்ன ஆனார்?

ஸ்டோர்ஸ்காரர், அம்பத்தூர்

ஷீல்டைத் தூக்கிக்கிட்டு இன்னும் பெரிய கம்பெனிக்குப் போயிட்டார்மா. அங்கயும் ஸ்டோர்ஸ்தான் முதல்ல பார்த்தாராம்.

பேரிங் மாட்டினோம், மெஷின் ஓடிச்சு. தேஞ்ச பழைய செட்டை வழக்கம்போல இரும்புக் கடைக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்துல பாய் போன்: "சார், இது நிஜமாவே குப்பையா, இல்ல எடுத்து வைக்கவா?"