வழுக்கையில் ஆறாத பொருக்கு

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, மன்னார்குடிப் பக்கம் வயல்வேலை. வழுக்கையில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பிய்த்தாலும் மறுபடி பொருக்குக் கட்டுகிறது. தேங்காய் எண்ணெய் போதுமா?

பதில் 1: போதாதுங்க. பல வருட வெயிலால் வரும் ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்ற சொரசொரப்பான தோல் திட்டாக இருக்கலாம். நம் நிறத்தோலில் அரிதுதான், ஆனாலும் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தடித்தாலோ, வலித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ பயாப்சி (சிறு தோல் துண்டெடுத்துச் சோதிப்பது) அவசியம். இந்தத் திட்டுகளில் சில புற்றுநோயாக மாறும். பிய்க்கவே விடாதீர்கள்.

பதில் 2: ஒன்றிரண்டு என்றால் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள். பரவலாக இருந்தால் 5 சதவீத ஃப்ளூரோயுராசில் களிம்பு, வழக்கமாக தினம் இருவேளை, 2 முதல் 4 வாரம். நடுவில் சிவந்து புண்ணாகும். மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். மருத்துவரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தாதீர்கள்.

பதில் 3: வெயில் படும் கீழுதட்டையும் பாருங்க தம்பி. வெற்றிலையோடு புகையிலை போடுபவர் என்றால் ஆறாத வெடிப்பை வறட்சி என்று விடக்கூடாது. தலைப்பாகை காதை மூடாது; குறுவை நடவுக்கு அகல விளிம்புத் தொப்பி வாங்கிக் கொடுங்கள்.