பழங்குடியினர் பற்றிய மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் அவர்களுக்கு உரிய இடம் எது?

காரைக்குடி ஆய்வு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பொது சுகாதார முதுநிலைப் படிப்பின் ஆய்வுக்காக, காரைக்குடிப் பக்கத்து நரிக்குறவர் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி விடுபடுவது பற்றித் தரவு திரட்டினோம். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த அக்கா ஒருவர் எங்களுடன் வீடு வீடாக வந்து, அவர்கள் மொழியான வாக்ரிபோலியில் கேட்டு, தமிழில் எங்களுக்குச் சொன்னார். அத்துடன் அவர் நிற்கவில்லை. பெற்றோரின் அறியாமையே காரணம் என்று நாங்கள் எழுதி வைத்திருந்த வினாப்பட்டியலைப் பார்த்துவிட்டு, திருவிழாக் காலங்களில் பாசிமணி விற்கக் குடும்பத்தோடு வெளியூர் செல்பவர்களின் தடுப்பூசி அட்டையைப் பார்த்து அங்குள்ள சுகாதார நிலையம் ஊசி போடுகிறதா என்று கேளுங்கள் என்றார். எங்கள் ஆய்வின் முக்கிய முடிவே அந்தக் கேள்வியிலிருந்துதான் கிடைத்தது.

இப்போது கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்ப இருக்கிறோம். அவர் பெயரை நன்றியுரையில் சேர்த்தால் போதும் என்பது நெறியாளரின் கருத்து. பத்தாம் வகுப்பு வரை படித்த ஒருவரைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்க விதிகள் இடம் தருகின்றனவா? வெளிநாடுகளில் முதற்குடியினரே ஆய்விதழ்களை நடத்துவதாகப் படித்தேன். அங்கே இதை எப்படி அணுகுகிறார்கள்?

தேவகோட்டை மருத்துவர்:

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு கட்டுரையாசிரியருக்கு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வின் கருத்தாக்கத்திலோ வடிவமைப்பிலோ, தரவைத் திரட்டுவதிலோ ஆராய்வதிலோ கணிசமாகப் பங்களித்திருக்க வேண்டும். கட்டுரையை எழுதவோ, அதன் உள்ளடக்கத்தை ஆழ்ந்து பார்த்துத் திருத்தவோ வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். ஆய்வின் நேர்மைக்குப் பொறுப்பேற்க வேண்டும். கல்வித் தகுதி பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. முதல் நிபந்தனையை நிறைவேற்றிய ஒருவருக்குக் கட்டுரையைத் திருத்தும் வாய்ப்பைத் தராமல் இருந்துவிட்டு, அதையே காரணமாகக் காட்டி அவர் பெயரை நீக்கக் கூடாது என்றும் அக்குழு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் நெறியாளரிடம் இந்தப் பகுதியைத்தான் காட்ட வேண்டும்.

ஆய்வுக் கேள்வியையே மாற்றியவர் முதல் நிபந்தனையை எப்போதோ நிறைவேற்றிவிட்டார். கட்டுரையின் ஒவ்வொரு பத்தியையும் அவரிடம் தமிழில் சொல்லி, அவர் மறுப்பதையும் சேர்க்கச் சொல்வதையும் எழுதிக்கொண்டு, அதன்படி திருத்துங்கள். அப்படிச் செய்தால் மற்ற நிபந்தனைகளும் நேர்மையாக நிறைவேறும். இதைச் செய்யாமல் பெயரை மட்டும் சேர்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கோட்டையூர் நூலகர்:

மருத்துவர் ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டு, வேறொரு பக்கத்தையும் காட்ட விரும்புகிறேன். எங்கள் ஊரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டன. ஆனாலும் அவை கடல் கடக்கவில்லை. 1994 இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு நூலகத்தில் தமிழ் மக்கள் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கின்றன. திரட்டியது யார் என்பதோடு, திரட்டியது எங்கே இருக்கிறது, யார் அதைத் திறக்கலாம் என்பதும் முக்கியம் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் மக்களிடம் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்த மாதிரி எடுத்தார்கள். நீரிழிவு பற்றிய ஆய்வு என்று நம்பித்தான் அந்த மக்கள் கையை நீட்டினார்கள். பின்னர் அதே இரத்தம் மனச்சிதைவு பற்றியும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப்பட்டுக் கட்டுரைகளாக வெளிவந்தது. அந்த மக்கள் தொடுத்த வழக்கு 2010 இல் சமரசமாக முடிந்தது. 41 பேருக்கு 7 இலட்சம் டாலர் வழங்கப்பட்டது. மிஞ்சிய இரத்த மாதிரிகளும் திருப்பித் தரப்பட்டன.

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகுதான், தரவின் மீதான அதிகாரம் அந்தந்த மக்களுக்கே உரியது என்று வலியுறுத்தும் ‘கேர்’ கோட்பாடுகள் 2019 இல் வெளியாயின. தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் அதற்கும் முன்பே, 2017 இல், தங்களை ஆராய வருபவர்களுக்கான நெறிமுறையைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். உங்கள் தரவுக் கோப்பை யார் வைத்திருப்பார்கள், நாளை வேறோர் ஆய்வாளர் கேட்டால் யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள்.

காரைக்குடி ஆய்வு மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த அக்காவின் பெயரைச் சேர்த்துவிட்டால் சமூகத்தின் ஒப்புதலைப் பெற்றதாகக் கொள்ளலாமா?

கூடலூரில் பணிபுரியும் புதுவயல்காரர்:

கொள்ள முடியாது. ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அனைவருக்காகவும் ஒப்புதல் தர இயலாது. அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று. நரிக்குறவர்களைப் பட்டியல் பழங்குடியினரில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. ஆகவே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு நெறிமுறைகளில் பழங்குடியினர் ஆய்வு பற்றிச் சொல்லப்பட்டவை உங்களுக்கும் பொருந்தும். உரிய அரசு அலுவலரின் அனுமதி, சமூகப் பெரியவர்களுடன் கலந்தாலோசனை, அதற்கு மேலும் ஒவ்வொருவரின் தனிப்பட்ட ஒப்புதல் என மூன்றுமே அதில் உண்டு.

நான் வேலை செய்யும் நீலகிரியின் வரலாறு இதை எனக்கு ஆழமாகப் புரியவைத்தது. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. இந்தியாவில் அந்த அரிவாள் செல் இரத்தப் பண்பு இருப்பதை உலகுக்கு அறிவித்த கட்டுரை 1952 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. இரத்தம் நீலகிரிப் பழங்குடியினருடையது. எழுதியவர்கள் லேமன், கட்புஷ் என்ற இருவர். அரிவாள் செல் நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 இல்தான் தொடங்கியது. அறிவியலுக்கு அந்தக் கட்டுரை பெரும் நன்மை செய்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அடுத்து எதை ஆராய வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் அந்த மக்கள் இருந்திருந்தால் எழுபது ஆண்டுகள் காத்திருக்க விட்டிருப்பார்களா என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

இதழ்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவில் லோவிட்ஜா நிறுவனம் 2023 இல் தொடங்கிய ஆய்விதழை அந்நாட்டு முதற்குடியினரே தலைமையேற்று நடத்துகிறார்கள். எந்தக் கட்டுரையை ஏற்பது, யாரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புவது என்ற அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது. கட்டுரையில் பெயர் இடம்பெறுவதைவிட இதையே பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். நம்மிடம் இன்னும் அப்படி அமையாத இடங்களில், ‘கன்சிடர்’ என்ற 2019 ஆம் ஆண்டுச் சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பிக் கட்டுரையுடன் இணைக்கலாம். ஆய்வின் தேவையை யார் தீர்மானித்தார்கள் என்பதில் தொடங்கி, முடிவுகள் அந்த மக்களிடம் எப்படித் திரும்பிச் சென்றன என்பது வரை 17 கூறுகளில் அது பதில் கேட்கிறது. மதிப்பீட்டாளராக ஒரு பழங்குடி ஆய்வாளரையோ சமூக நலப் பணியாளரையோ பரிந்துரைத்து இதழாசிரியருக்கு எழுதும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

இன்னொன்று. குடியிருப்பின் பெயரைக் கட்டுரையில் அச்சிடுவதா வேண்டாமா என்பதை நீங்களோ நெறியாளரோ முடிவு செய்யாதீர்கள். தடுப்பூசி போடாதவர்கள் என்ற பழி ஒருமுறை அச்சாகிவிட்டால் அதைச் சுமக்கப்போகிறவர்கள் அவர்கள். முடிவுகளை அங்கே கூட்டமாக அமர்ந்து சொல்லிக் கேட்ட பிறகே அனுப்புங்கள். இப்போது பாதிக் குடும்பங்கள் வியாபாரத்துக்கு வெளியூர் போயிருந்தால், அவர்கள் திரும்பும் வரை அனுப்பும் தேதியைத் தள்ளி வையுங்கள்.