உலாவியில் உறுமி: ஓர் உதவி தேவை
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்காக, திரையில் விரல் வைத்தால் ஒலியும் கோலமும் சேர்ந்து எழும் ஓர் இசைக்கருவியை, உலாவியிலேயே இயங்கும்படி வெப் ஆடியோவிலும் (உலாவியில் ஒலி எழுப்பும் வசதி) கேன்வாசிலும் (அதில் படம் வரையும் வசதி) அமைத்து வருகிறேன். எங்கே தொட்டாலும் அபசுரம் தட்டாதிருக்க மோகன ராகத்தின் ஐந்து சுரங்களை 240, 270, 300, 360, 400 ஹெர்ட்சில் வைத்தேன்; முதல் தொடுகைக்குப் பிறகே உலாவி ஒலியை அனுமதிப்பதால் தொடக்கத்தில் தட்டுவதற்கென ஒரு புள்ளியையும் வரைந்தேன். (அதுவே விளையாட்டென்று நினைத்து அக்காள் மகள் அதைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.)

சிக்கல் உறுமி மேளத்தின் ஒலியில்தான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த இழுவையை விரல் இழுப்புக்குக் கொடுக்க எண்ணிச் சுருதியை வழுக்கவிட்டால், திருவிழா உறுமி கேட்கவில்லை, கொசுதான் பாடுகிறது. கரகரப்புக்காக இரைச்சலை வடிகட்டிச் சேர்ப்பதா, உண்மையான உறுமியைப் பதிவுசெய்து அதன் வேகத்தை மாற்றுவதா? பழைய கைப்பேசியிலும் தடுமாறாத வழியைச் செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.