ஒரு விடுமுறையில் கணினி ஆசிரியர் தயாராம்!

பட்டர்வொர்த் வாத்தியார்:
சென்ற சனிக்கிழமை பேரன் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "நல்ல கணித ஆசிரியரை ஒரு பள்ளி விடுமுறையில் கணினி அறிவியல் ஆசிரியராக்கிவிடலாம்" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. எனக்கு வடை தொண்டையில் சிக்கியது. முப்பத்தோர் ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். ஒரு விடுமுறையில் எனக்குத் தோசை வார்க்கக்கூட என் மனைவியால் கற்றுத்தர முடியவில்லை.

அவர் நம் இணைய மன்றத்திலும் உலாவுகிறவர்தான். வரட்டும்.

தீவுப் பொறியாளன்:
வந்துவிட்டேன் ஐயா. இடைநிலைப்பள்ளி முதலாண்டான ஒன்றாம் படிவத்தில் இரண்டை அடியாகக் கொண்ட இரும எண், இரண்டில் எட்டை அடியாகக் கொண்ட எண்ம எண், மூன்றில் பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண். இதெல்லாம் கணிதம் இல்லாமல் வேறு என்ன? மூன்றாம் படிவத்தில் குமிழி வரிசையாக்கம் (அடுத்தடுத்த எண்களை ஒப்பிட்டு, இடம் மாற்றி, சுற்றுச் சுற்றாக வரிசைப்படுத்துவது), இருமத் தேடல் (பாதி பாதியாக ஒதுக்கித் தேடுவது), சீசர் மறையெழுத்து (எழுத்துகளை நகர்த்தி மறைத்து எழுதுவது), கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி. பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. மீதிக்கு விடுமுறை போதும். 2017இல் ஒன்றாம் படிவத்துக்கு அடிப்படைக் கணினி அறிவியல் வந்தது. "வடிவமைப்பும் தொழில்நுட்பமும்" என்ற பாடம், இல்லையென்றால் இது, பள்ளியே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். என் மகளின் பள்ளியில் "ஆசிரியர் இல்லை" என்று சொல்லி முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள். 1972இல் இன்டெல் வந்து இறங்கிய தீவு இது. வெட்கமாக இல்லையா?

பட்டர்வொர்த் வாத்தியார்:
எந்த விடுமுறை? ஒரு வார விடுமுறையா, ஆண்டிறுதி விடுமுறையா?

தீவுப் பொறியாளன்:
ஆண்டிறுதி விடுமுறைதான். சொல்லாமலே விளங்க வேண்டாமா?

பட்டர்வொர்த் வாத்தியார்:
விளங்காது. மேடையில் "ஆண்டிறுதி" என்ற சொல்லே உங்கள் வாயில் வரவில்லை. நான் முதல் வரிசையில் இருந்தேன்.

பிறை டீச்சர்:
மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். நான் வணிகவியல் படித்தவள். கணினி அறிவியல் எடுக்க ஆளில்லை என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தலையில் கட்டினார்கள். பயிற்சி மூன்று நாள். கணினி அறையில் இருபது இயந்திரங்கள், ஓடுவது பதினொன்று, மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர். மற்றவர்கள் நோட்டில் நிரல் எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு பையன் பாடநூலில் உள்ளதை அப்படியே தட்டினான், ஓடவில்லை. நானும் நாலு தடவை சரிபார்த்தேன், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கிறது. யாருக்காவது காரணம் தெரியுமா?

பட்டர்வொர்த் வாத்தியார்:
கேட்டீர்களா தம்பி? மூன்று நாள்! 2003இல் எங்களிடமும் இதையே செய்தார்கள். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்து என்றார்கள். மடிக்கணினி தந்தார்கள், ஒளிவீழ்த்தி தந்தார்கள், சில நாள் பயிற்சியும் தந்தார்கள். நாங்கள் வகுப்பில் ஆங்கிலத்தில் தொடங்கி மலாயில் முடித்தோம். 2009இல் கைவிடப்போவதாக அறிவித்தார்கள். அதற்குள் எத்தனை பிள்ளைகள் கணிதத்தையே வெறுத்துவிட்டார்கள், உங்களுக்குத் தெரியுமா? தீவுக்காரர்களுக்குப் பினாங்குப் பாலத்தின் இந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கிறவர்கள் என்றாலே சோதனை எலிகள்தான்.

தீவுப் பொறியாளன்:
பாலத்தை ஏன் இழுக்கிறீர்கள்? எதிர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டால் உங்களுக்கு எல்லாமே 2003தான்.

தமிழ்நேயன்:
முதலில் "கணினி" என்பதே சரியா? "கணிப்பொறி" என்றுதான் எழுத வேண்டும் என்று போன ஆண்டே இங்கே நிறுவினேன்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
போன ஆண்டு நீங்கள் நிறுவியதை நீங்கள் ஒருவர்தான் படித்தீர்கள்.

தம்பி, குமிழி வரிசையாக்கம் கணிதம் என்றீர்களே. எட்டு எண்களை வரிசைப்படுத்த ஏழு ஒப்பீடு என்பது எனக்கும் தெரியும். அதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியவைப்பது வேறு வித்தை.

தீவுப் பொறியாளன்:
ஏழா! முதல் சுற்றுக்குத்தான் ஏழு. அடுத்த சுற்றுக்கு ஆறு, பிறகு ஐந்து. எல்லாம் சேர்த்தால் இருபத்தெட்டு வரை போகும். அத்துடன் இது மூன்றாம் படிவப் பாடம், பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது. முப்பத்தோர் ஆண்டு அனுபவம்!

பட்டர்வொர்த் வாத்தியார்:
முதல் சுற்றைத்தான் சொன்னேன். படிக்கத் தெரியாதவருக்கு நான் என்ன செய்ய? ஒரு பேச்சுக்கு, நான் தடுமாறினேன் என்றே வைத்துக்கொள்வோம். முப்பத்தோர் ஆண்டு கணிதம் சொல்லிக்கொடுத்தவனே தடுமாறுகிறான் என்றால் உங்கள் ஒரு விடுமுறை எந்த மூலைக்கு? என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

தீவுப் பொறியாளன்:
இது என்ன வழக்கு? தவறு உங்களுடையது, வெற்றியும் உங்களுடையதா?

மூன்று பிள்ளை அம்மா:
பிறை டீச்சர், என் பெரியவன் சொல்கிறான்: அந்தப் பையன் ஒரு வரியை உள்ளே தள்ள இடைவெளிப் பட்டையையும் அடுத்த வரிக்கு டேப் விசையையும் அழுத்தியிருப்பான். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், பைத்தானுக்கு வேறு வேறு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு நான்கு நான்கு இடைவெளியாகப் போடச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
பார்த்தீர்களா! கண்ணுக்கே தெரியாத தவறு. இதை எந்த விடுமுறையில் கற்பிப்பீர்கள்?

தீவுப் பொறியாளன்:
அந்த அம்மாவின் பெரியவன் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டான் ஐயா. ஒரு விடுமுறையில் எத்தனை அரை நிமிடம் இருக்கிறது, நீங்களே கணக்குப் போடுங்கள். முதல் சுற்றோடு நிறுத்திவிடாதீர்கள்.

பிறை டீச்சர்:
ஓடிவிட்டது! அந்தத் தம்பிக்கு நன்றி. இன்னொன்றும் கேட்கலாமா? பயிற்சி எத்தனை நாளோ இருக்கட்டும், நான் போகிற நாள்களில் என் மற்ற வகுப்புகளை யார் பார்ப்பது? போன முறை திரும்பி வந்தபோது நூற்றுப்பதினான்கு பயிற்சிநூல்கள் திருத்தப்படாமல் மேசையில் கிடந்தன.

தமிழ்நேயன்:
"டேப்" என்பதற்குத் "தத்தல்" என்ற சொல் இருக்கிறது.

தீவுப் பொறியாளன்:
டீச்சர், அதற்காகத்தான் விடுமுறையில் என்றேன். ஆண்டிறுதியில்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
மறுபடியும் ஆண்டிறுதி! அன்று சொல்லவே இல்லை. ஒளிப்பதிவு இருக்கிறது.

தீவுப் பொறியாளன்:
இருந்தால் போடுங்கள்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
பேரன் கைப்பேசியில் இருக்கிறது. அவன் டியூஷனுக்குப் போயிருக்கிறான். ஒன்பது மணிக்கு வருவான். எங்கும் போய்விடாதீர்கள்.