புதுப்பிப்பு: தானாக நகர்ந்த இடது ஸ்டிக் சரியாகிவிட்டது

என் கேம் கன்ட்ரோலரின் ஸ்டிக்கில் கை வைக்காமலே விளையாட்டில் வரும் கதாபாத்திரம் இடப்பக்கம் நடக்கிறது, பின்புறப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் இருமுறை குதிக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். இரண்டும் தீர்ந்துவிட்டன. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி!

ஸ்டிக் விஷயம் எளிது. விண்டோஸின் கன்ட்ரோலர் சோதனைத் திரையில் பார்த்தபோது, ஓய்வு நிலையிலும் ஸ்டிக் நடுவில் நிற்கவில்லை. மறுபடி அளவுதிருத்தம் செய்து, டெட் சோனை (நடுவில் ஸ்டிக் சற்று அசைந்தாலும் கண்டுகொள்ளாமல் விடும் பகுதியை) 8 சதவீதமாக வைத்தேன். முதலில் 20 வைத்துப் பார்த்தேன்; தானாக நடப்பது நின்றது, ஆனால் கார் பந்தயத்தில் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பவே முடியவில்லை. தேவைக்கு மேல் ஒரு புள்ளிகூடக் கூட்டாதீர்கள்.

இரட்டைக் குதிப்புதான் என்னைப் படுத்தியது. விண்டோஸ் விளையாட்டுகள் கன்ட்ரோலரைப் படிக்கும் எக்ஸ்இன்புட் (XInput) முறையில் பின்புறப் பட்டன்களுக்குத் தனி இடமே கிடையாது. அந்த முறையில் அவை வேறொரு பட்டனின் நகலாகத்தான் தெரியும். நான் கன்ட்ரோலரின் நினைவகத்தில் பின்புறப் பட்டனை, குதிக்க வைக்கும் 'ஏ' பட்டனாக வைத்துவிட்டு, விளையாட்டுகளை இயக்கும் ஸ்டீம் (Steam) செயலியிலும் அதற்குக் குதிப்பைக் கொடுத்திருந்தேன். ஒரே அழுத்தம் இரண்டு வழியில் போயிருக்கிறது. நினைவகத்தில் இருந்ததை அழித்தேன், சரியாகிவிட்டது.

அதிர்வு மட்டும் இன்னும் வலப்பக்கம் பலவீனமாக இருக்கிறது. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.