லிக்யூலுக்கு ‘உறைநா’ (புல் குடும்பக் கலைச்சொற்கள் தொடர்பாக)

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். புல் குடும்பத்துத் தாவர உறுப்புகளுக்கு நாம் தமிழ்ப் பெயர் வைத்துவரும் பட்டியல் ‘லிக்யூல்’ (புல் இலை தண்டை விட்டு விலகும் இடத்தில் உட்பக்கம் இருக்கும் சின்ன உறுப்பு) என்ற ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இதுவரை வந்தவை சிறுநா, நாவுரு, இலைச்சவ்வு, அப்புறம் ‘லிக்யூல் என்றே விட்டுவிடலாமே’. என் கட்சி ‘உறைநா’. நீங்கள் எழுதிய கேள்விகளை மேற்கோளாக இட்டு, காரணத்தைச் சொல்லிவிட்டு மற்ற சொற்களுக்கு வருகிறேன்.

> இவ்வளவு சின்ன உறுப்புக்கு இவ்வளவு விவாதம் தேவையா? பாடநூலுக்கு வெளியே யார் இதைப் பார்க்கப்போகிறார்கள்?

டெல்டாவில் களை எடுக்கிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய உறுப்பு இது. சம்பா நாற்றங்காலில் நெல் நாற்றோடு குதிரைவாலிப் புல்லும் சேர்ந்து வரும். அதே பச்சை, அதே உயரம். நாற்று பறிக்கும்போது முடியோடு (நாற்றுக் கட்டோடு) சேர்ந்து வயலுக்குப் போய்விட்டால், அதையும் நாமே கையால் நட்டு, உரமும் போட்டு வளர்க்கிறோம். கடைமடைப் பக்கம் நேரடி விதைப்பில் பாடு இன்னும் மோசம். வரிசையும் இருக்காது, இரண்டுக்கும் வயதும் ஒன்றாக இருக்கும். அடித்தண்டில் செம்மை ஓடியிருந்தால் குதிரைவாலி என்பார்கள். பல நேரம் அது சரிதான், ஆனால் எல்லாச் செடியிலும் செம்மை இருக்காது.

உறுதியான அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. புல் இலைக்கு இரண்டு பகுதி. தண்டைச் சுற்றியிருப்பது உறை, அதிலிருந்து விலகி விரிவது தோகை. (கரும்புக்குச் சொல்வதை எல்லாப் புல்லுக்கும் பொதுவாக்கி ‘தோகை’யைப் பட்டியலில் சேர்த்தவருக்கு நன்றி.) ஒரு நாற்றைப் பிடுங்கித் தோகையை மெல்லப் பின்னுக்கு வளைத்துப் பாருங்கள். உறையும் தோகையும் சேரும் இடத்தில், உட்பக்கம், தண்டை ஒட்டினாற்போல வெள்ளையாக ஒரு மெல்லிய சவ்வு நிற்கும். நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அதுதான் லிக்யூல். அதே மூட்டில் இரு பக்கமும் பிறை வடிவில் வளைந்து, ஓரத்தில் மயிரோடு இருப்பவை ஆரிக்கிள். நெல்லுக்கு இரண்டும் உண்டு. நம் வயலில் வருகிற குதிரைவாலிக்கு இரண்டும் கிடையாது. மூட்டு வழவழவென்று மொட்டையாக இருக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல தலைமுறையாகக் கையால் களை எடுத்ததில், நெல்லிலிருந்து வித்தியாசமாகத் தெரிந்த குதிரைவாலியெல்லாம் பிடுங்கப்பட்டது. நெல்லைப் போலவே நின்றது தப்பித்து விதை போட்டது. ஆசிய நெல் வயல்களில் இப்படி நெல்லின் சாயலுக்கே மாறிய குதிரைவாலி வகைகள் உண்டு. ரஷ்யத் தாவரவியலாளர் வாவிலோவ் பெயரால் இதை வாவிலோவியப் போலித்தோற்றம் என்கிறார்கள். எட்ட நின்று பார்க்கிற கண் பிடுங்கிப் பிடுங்கி இத்தனையும் மாறியிருக்கிறது. தோகையை மடக்கிப் பார்த்தால் மட்டுமே தெரிகிற அந்த மூட்டு மாறவில்லை. அதனால் இதற்கு வாயில் நுழைகிற பெயர் வேண்டும். ‘நா இருந்தா நெல்லு, இல்லேன்னா பிடுங்கு’ என்று வரப்பில் நின்றுகொண்டு ஒரே மூச்சில் சொல்ல முடியவேண்டும். ‘லிக்யூல்’ இந்தத் தேர்வில் தேறாது.

> சவ்வு போல இருப்பதால் ‘இலைச்சவ்வு’ பொருத்தமாக இல்லையா?

நெல்லை மட்டும் பார்த்தால் பொருந்தும். வரப்பில் கிடக்கிற அருகம்புல்லை மடக்கிப் பாருங்கள். சவ்வு இருக்காது, குட்டையான மயிர்களின் வரிசைதான் இருக்கும்.  குடும்பம் முழுவதற்குமான சொல்லில் ஒரு செடியின் வடிவத்தை வைத்துத் தைக்கக் கூடாது. ‘மயிர் வரிசையை நா என்பது மட்டும் சரியா’ என்று கேட்பீர்கள். என் பார்வையில் நா என்பது வடிவத்தைவிட இடத்தைச் சொல்கிறது. கதிர் வெளியே வருமுன், கண்ணாடி இலையின் உறைக்குள் பொதிந்திருக்கும் பருவத்தை நம் பக்கத்தில் எப்படிச் சொல்கிறோம்? தொண்டைக்கதிர். அதாவது உறை தொண்டை என்பதைக் குடியானவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். தொண்டைக்கு மேல் இருப்பது நா, பக்கத்தில் இருக்கும் ஆரிக்கிள்கள் செவி. பாதியை ஊர் செய்து வைத்திருக்கிறது, மீதியை நாம் முடிக்கவேண்டியதுதான்.

‘சிறுநா’வை ஏன் தள்ளுகிறேன் என்றால், சூரியகாந்திக் குடும்பத்திலும் நா வடிவச் சிறுபூக்கள் உண்டு. பட்டியலின் அந்தப் பகுதியில் ‘நாவிதழ்’ ஏற்கெனவே இருக்கிறது. வெறும் நா, சிறுநா என்று விட்டால் இரண்டும் முட்டும். உறைநா என்றால் எந்த நா என்பதில் குழப்பமில்லை. பேச்சில் அது தானாக ‘நா’ என்று சுருங்கிக்கொள்ளும், சுருங்கட்டும்.

ஒரு விதிவிலக்கையும் குறிப்பில் எழுதிவிட வேண்டும். உறைநா இல்லாத நெல் உண்டு. அது மரபணுவில் வரும் திடீர்மாற்றத்தால் (மியூட்டேஷன்) வருவது. செவியும் இருக்காது, மூட்டும் இருக்காது, தோகை வளையாமல் செங்குத்தாக நிற்கும். விவசாயி வயலில் இதைப் பார்க்கப் போவதில்லை. ஆராய்ச்சி நிலையத்துப் பாத்தியில் பார்க்கிறவர்கள் குழம்பாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

> ஆரிக்கிளுக்கு நாங்கள் சோணை என்று எழுதலாம் என நினைக்கிறோம்.

யாழ்ப்பாணத்து ஐயா சொல்வது (சோணை என்றால் காது மடல்) அழகான சொல்தான். ஆனால் உங்கள் பாடநூல்களில் இதயத்தின் மேலறைக்குச் சோணையறை என்று அது போய் உட்கார்ந்துவிட்டது. தஞ்சைப் பக்கத்தில் சோணை என்றால் பலருக்குப் புரியாது. ‘உறைச்செவி’ இரு கரைக்கும் பொது. சோணையை மாற்றுச் சொல்லாகப் பக்கத்திலேயே போடுவோம்.

> புல் குடும்பம் என்று சொன்னால் கோரையும் உள்ளே வந்துவிடாதா? ‘போயேசி’ என்ற அறிவியல் பெயரையே எழுதினால் வம்பில்லை.

கோரைப் புல் என்று நாமே சொல்கிறோம் என்பதால் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ‘போயேசி’ என்று எழுதுவதால் யாருக்கும் கோரை வெளியே போகாது. தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் போய்விடும். கோரையின் தண்டு முக்கோணம், உள்ளே கெட்டி, கணு தெரியாது, இலைகள் மூன்று வரிசை, உறை குழாய் மாதிரி மூடியிருக்கும். புல்லின் தண்டு உருண்டை, கணு உண்டு, கணுவுக்குக் கணு உள்ளே பெரும்பாலும் கூடு (வெற்று), இலைகள் இரண்டு வரிசை, உறை ஒரு பக்கம் பிளந்திருக்கும். கரும்பு உள்ளே கெட்டிதான், அதை விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயத் தாவரவியலாளர்கள் பெந்தம், ஹூக்கர் இருவரும் 19-ஆம் நூற்றாண்டில் தாவரங்களை வகுத்தபோது இந்த இரண்டு குடும்பத்தையும் செதில் பூக்காரர்கள் என்று ஒரே தொகுதியில் வைத்தார்கள். இன்றைய மரபணு வகைப்பாட்டிலும் இரண்டும் ஒரே வரிசைக்குள்தான் (ஆர்டர், பல குடும்பங்கள் சேர்ந்த தொகுதி) வருகின்றன, கூடவே அன்னாசியும் வருகிறது. ஆனால் கோரையைவிடப் புல்லுக்கு நெருங்கிய சொந்தங்கள் அந்த வரிசையிலேயே வேறு உண்டு. பூ சிறுத்ததும் இதழ் போனதும், காற்றில் மகரந்தம் விடுகிற பிழைப்பால் இரு பக்கமும் தனித்தனியாக வந்த சாயல்.

குடும்பப் பெயரைப் பொறுத்தவரை, பன்னாட்டுப் பெயரிடல் விதியே சில குடும்பங்களுக்குப் பழைய பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. அதில் புல் குடும்பமும் ஒன்று, ‘கிராமினே’ என்ற அந்தப் பழைய பெயரும் புல் என்பதிலிருந்து வந்ததுதான். ஆக ‘புல் குடும்பம்’ என்று தமிழில் எழுத யாரும் கூச்சப்பட வேண்டாம். இனங்கள் 11,000-க்கும் மேல், துணைக்குடும்பங்கள் 12. நெல் ஒன்றில், மூங்கில் ஒன்றில், குதிரைவாலியும் கரும்பும் சோளமும் இன்னொன்றில். நெல்லுக்குக் குதிரைவாலியைவிட மூங்கில்தான் நெருங்கிய உறவு என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள்.

> தொல்காப்பியமே ‘புறக்கா ழனவே புல்லென மொழிப’ என்று வரையறுத்துவிட்டதே. அதை ஏன் பயன்படுத்தக் கூடாது?

பயன்படுத்தினால் தென்னையும் பனையும் வந்து உட்காரும். வெளியே வைரம், உள்ளே சோறு என்பது வேறொரு பார்வை, நல்ல பார்வையும்கூட. ஆனால் குடும்ப வரையறைக்கு ஆகாது. தொல்காப்பியத்தின் அதே மரபியல் என்ற பகுதியில் வரும் உறுப்புப் பெயர்களை, தோடு, மடல், ஏடு, பாளை இவற்றை எடுத்துக்கொள்ளலாம். பனைக் குடும்பத்துக்கு வரும்போது கைகொடுக்கும்.

அடுத்து உமி. இங்கே பட்டியலில் உண்மையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘குளூம்’ (புல்லின் சிறுகதிருக்கு அடியில் இருக்கும் செதில்) என்பதற்கு உமி என்று போட்டிருக்கிறீர்கள். அரைவை மில்லில் உமி என்று குவிந்து கிடப்பது குளூம் இல்லை. நெல்லை மூடியிருக்கும் இரண்டு ஓடுகளில் பெரியது லெம்மா, அதில் ஐந்து நரம்பு. சிறியது பேலியா, அதில் மூன்று. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நாம் சொல்லும் உமி. நெல்லின் காம்புப் பக்கம் இரண்டு சின்னச் செதில் தெரியுமே, குளூம் என்று பலர் காட்டுவது அதைத்தான். அதுவும் பூ இல்லாமல் போன லெம்மாக்கள் என்பதே பெரும்பான்மைக் கருத்து. உண்மையான குளூம் நெல்லில் காம்பு நுனியில் வெறும் விளிம்பாகத் தேய்ந்துவிட்டது. எனவே லெம்மா ‘வெளியுமி’, பேலியா ‘உள்ளுமி’, அந்தச் சின்னச் செதில்கள் ‘மலட்டுமி’, குளூம் ‘அடிச்செதில்’. உமி என்ற சொல்லை ஊர் எதற்கு வைத்திருக்கிறதோ அதிலேயே வைத்துவிட்டால் பிள்ளைகள் குழம்பமாட்டார்கள்.

லாடிக்யூலுக்கு (புல் பூவின் அடியில் இருக்கும் மிகச் சிறு செதில்) ‘குறையிதழ்’ என்று சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். அது பிறப்பைப் பார்த்து வைத்த பெயர்: அல்லி இதழுக்கு ஈடான உறுப்புதான் இப்படிக் குறைந்தது என்பது ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. நான் வேலையைப் பார்த்து வைக்க விரும்புகிறேன். நெல்லில் இரண்டு, மூங்கிலில் பெரும்பாலும் மூன்று. உமிக்குள் அடியில், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏற ஏற நீரை வாங்கி உப்பி வெளியுமியை நெம்பித் திறக்கின்றன. ஆறு மகரந்தப் பைகளும் வெளியே தொங்குகின்றன. கொஞ்ச நேரத்தில் அவை சுருங்க, உமி மூடிக்கொள்கிறது. மகரந்தப் பைகள் மட்டும் வெளியே மாட்டிக்கொண்டு வெளுத்துத் தொங்கும். கதிர் பூத்திருக்கிறது என்று நாம் சொல்வது அதைப் பார்த்துத்தான். பூக்கும் நாட்களில் காலையில் மருந்து அடிக்காதே, சாயங்காலம் அடி என்று சொல்வதும் இந்தத் திறப்பு நேரத்தை வைத்துத்தான். அதனால் ‘நெம்பி’. நெம்புகோல் தெரிந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. குறையிதழை விளக்கக் குறிப்பில் சேர்ப்போம்.

சிறுகதிர், கணு, கண்ணாடி இலை, தூர் இவற்றில் யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

> காரியாப்சிஸ் = மணிக்கனி?

இதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காரியாப்சிஸ் என்பது புல் குடும்பத்துக் கனி; கனித்தோலும் விதையுறையும் பிரிக்க முடியாமல் ஒட்டிய வெடியாக் கனி அது. தீட்டும்போது இரண்டும் சேர்ந்து தவிடாகப் போவதே அதற்குச் சாட்சி. நெல்மணி என்றால் உமியும் சேர்ந்தது, ஆகவே மணிக்கனி கொஞ்சம் தளர்வு. உமி நீக்கியதற்கு நம் சொல் அரிசி. வரகரிசி, மூங்கிலரிசி, புல்லரிசி என்று குடும்பம் முழுக்க அது ஓடுகிறது, ஒரு சொல் இவ்வளவு தூரம் தானே நடந்து வந்திருப்பது அபூர்வம். ‘அரிசிக்கனி’ என்று வைத்துவிடலாம் என்றுதான் கை போகிறது. இடையூறு ஏலரிசியும் கார்போகரிசியும். ஒன்று இஞ்சிக் குடும்பத்து விதை, மற்றது அவரைக் குடும்பம். நாட்டு மருந்துக் கடைக்காரருக்கு அரிசி என்றால் உள்ளே இருக்கிற சிறு பருப்பு, அவ்வளவுதான். ‘கனி’ என்ற பின்னொட்டு அந்தக் குழப்பத்தைத் தடுத்துவிடும் என்பது என் எண்ணம். ஆனாலும் சித்த மருத்துவச் சொற்களைத் தொகுத்துவரும் அம்மா பார்த்துச் சொல்லும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மற்றவற்றைப் பட்டியலில் ஏற்றியாகிவிட்டது.